இன்னும் ரெண்டே போல்ட்

கராஜுக்குள் நுழைந்ததும் டெஸ்மண்ட் ஹாக்ராஃப்ட் தொப்பியைக் கழற்றி, கதவோரம் சாத்தியிருக்கும் நீளமான இரும்புத் தண்டின் நுனியில் மாட்டுகிறார். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, கை தானாகப் போகும். பிறகு காரை ஒரு வலம் வருவார். கார் என்றால் ஒரு இரும்புக் கூடு, அதற்கு நாலு சக்கரம், ரெண்டு இருக்கை. பெட்டி பெட்டியாக உதிரிகளை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டிருக்கிறார்.

இங்கிலாந்தின் டார்பி நகர ஓரத்தில் அந்தத் தெருவில் யாரும் கராஜில் காரை வைப்பதில்லை. புல்வெட்டும் இயந்திரமும் உடைந்த சோபாவும்தான் அங்கே குடியிருக்கும். டெஸ்மண்ட் வீட்டுக் கராஜில் மட்டும்தான் கார் இருக்கிறது. அது இன்னும் கார் ஆகவில்லை, அவ்வளவுதான்.

எப்போது ஓடும் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "இன்னும் ரெண்டே போல்ட்தான்!" பேரன் தவழ்ந்துகொண்டிருந்தபோதும் இதைத்தான் சொன்னார். இப்போது அந்தப் பேரன் கால்பந்து ஆடி முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வருகிறான். போல்ட் மட்டும் ரெண்டுக்குக் கீழே இறங்கவில்லை.

மனைவி பெவர்லியின் சமையலறை கொஞ்சம் கொஞ்சமாகக் கராஜுக்குக் குடிபோய்விட்டது. அவர் கேக் சுடும் தட்டில் கியர்பாக்ஸ் எண்ணெய் வடிகிறது. காலைச் சிற்றுண்டிப் பொட்டலத்தின் அட்டை, தின்று தீர்வதற்கு முன்பே, எண்ணெய் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் ஆகிவிடுகிறது. விருந்தாளிகள் வந்த அன்று பெவர்லி வெனிலா ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் உள்ளே கிளட்ச் போல்ட்டுகள்.

"அத ஏன் எடுத்தே? வகை பிரிச்சு வெச்சிருந்தேன்!" என்று கோபித்துக்கொண்டவர் டெஸ்மண்ட்தான்.

சனிக்கிழமை தவறாமல் வருபவர் நார்மன் பிக்கர்ஸ்கில். எதிர்வீட்டுக்காரர், முன்னாள் பஸ் டிரைவர். ரொட்டிக்குள் பன்றியிறைச்சி வைத்து ஆளுக்கொன்று கொண்டுவருவார். டார்ச் பிடிப்பதும் குறை சொல்வதும் அவர் வேலை. கார் ஓடியதும் முதல் சவாரி நார்மனுக்கு, தெருமுனை பப் வரைக்கும் என்பது பழைய வாக்கு. ஆனால் நார்மன் மகளோடு இருக்க நியூசிலாந்துக்கே குடிபோகிறார். ஞாயிறு காலை விமானம். ஆகவே இந்தச் சனிக்கிழமை எஞ்சின் ஏறியே ஆக வேண்டியிருந்தது.

எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாகப் பூட்டப்பட்டு, வாடகைக்கு எடுத்த தூக்கியின் சங்கிலியில் சாய்ந்து தொங்கின. இறங்கும்போது பெயின்ட் உரியாமலிருக்க, குறுக்குக் கம்பியின் மேல் பெவர்லியின் தலையணை. பழைய தலையணை என்றார் டெஸ்மண்ட். பெவர்லி அப்படிச் சொல்லவில்லை.

"டேய், இடிக்குதுடா! கொஞ்சம் மேல தூக்கு!"

"உன் தொப்பைதான்டா இடிக்குது. தள்ளி நில்லு!"

"பஸ்ஸையே சந்துல திருப்பினவன்டா நான். எனக்கே சொல்றியா?"

"திருப்பினே. தபால்பெட்டியையும் சேத்துத்தானே திருப்பினே?"

கியர்பாக்ஸின் வால், இருக்கைகளுக்கு நடுவே ஓடும் தகரக் கூண்டுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. எஞ்சின் தன் இடத்தில் உட்கார்ந்தது. மதியத்துக்குள் ஒயர், குழாய், பேட்டரி எல்லாம் சேர்ந்தன. கடைசியில் டெஸ்மண்ட் ஸ்பானரை உயர்த்திப் பிடித்தார். "பெவ்! நெசமாவே ரெண்டே போல்ட்!" அதையும் முடுக்கினார். முகமெல்லாம் கரி, வாயெல்லாம் பல்.

தேநீர் குடிக்கப் போகலாம் என்று தொப்பியை எடுக்கக் கை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றார் நார்மன்.

டெஸ்மண்ட் தொப்பியை எடுத்தார். கீழே தண்டு நின்றது. கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு. எஞ்சினோடு சேர்த்தே அந்தக் கூண்டுக்குள் போயிருக்க வேண்டியது. போன குளிர்காலத்தில் கூண்டை ரிவெட் ஆணி அடித்து மூடியவரும் அவர்தான். இனி எஞ்சினை மறுபடி வெளியே தூக்காமல் அது உள்ளே போகாது. வாங்கிய நாள்முதல் தொப்பி மாட்டி மாட்டி, அது காரின் உறுப்பு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

நார்மன் முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார். "பரவால்லடா. ஓடுறப்ப வீடியோ எடுத்து அனுப்பு."

டெஸ்மண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பெவர்லிக்கு அவரைக் கேலி செய்யாமல் ஒரு நாளும் போனதில்லை. அன்று வாய் வரவில்லை. பாவமாக இருந்தது.

"அந்தக் கம்பி இல்லாட்டி எஞ்சின் ஓடாதா?" என்று கேட்டார்.

"எஞ்சின் ஓடும். வண்டிதான் நகராது. பின்னால எண்ணெய் வேற ஒழுகும்."

பெவர்லி உள்ளே போனார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் எடுக்கும் நல்ல கேக் தட்டைக் கொண்டுவந்து காருக்கு அடியில் தள்ளினார். "ம், ரெண்டு பேரும் ஏறுங்க."

நார்மனை இருக்கைக்குள் திணிப்பது எஞ்சினை இறக்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இருமியது, செருமியது, பிறகு ஒரே உறுமல். அலமாரியில் ஐஸ்கிரீம் டப்பாக்கள் குலுங்கின. டெஸ்மண்ட் தொப்பியை இறுக்கிக்கொண்டு முதல் கியர் போட்டார். இரண்டாவது போட்டார். கார் அசையவில்லை. ஆனால் கியர்பாக்ஸோடு கேபிளால் இணைத்திருந்த வேகமானியின் முள் மெல்ல ஏறியது.

"முப்பதாச்சுடா!" என்று கத்தினார் நார்மன். "பாத்து ஓட்டு, சர்ச் முக்குல ஸ்பீடு கேமரா இருக்கு!"

"தெரியும், நீ பேசாம வா!"

"பப் வந்துருச்சு, வலது பக்கம் திருப்பு!"

டெஸ்மண்ட் கியரைக் குறைத்தார். வலது கையை வெளியே நேராக நீட்டிக் காட்டினார். நார்மன் திருப்பத்துக்கு ஏற்ப உடம்பைச் சாய்த்தார். திறந்த கதவருகே, தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்த பெவர்லி சட்டென்று ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.