தோள்வலி என்று சொல்லித் திரிந்த நாட்கள்

பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவைத் தாண்டி இருக்கிற எங்கள் குப்பத்தில், நான்கைந்து வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம் நடந்தது இது. இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாதி சொல்வதற்குள் தலை குனிந்துவிடும். முகம் தெரியாதவர்களிடம் சொல்வது கொஞ்சம் சுலபமாகத் தெரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய ஐப்பசியில் நானும் என் அண்ணனும் கடலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டிக் கிடக்கும். அங்கே அலை எப்போது எழும், எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது. அன்றைக்குப் பக்கவாட்டில் வந்தது. ஃபைபர் படகு அப்படியே கவிழ்ந்தது. அதன் விளிம்பு என் வலது தோளில் இடித்தது. கவிழ்ந்த படகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். அண்ணனின் தலை ஒரு முறை தெரிந்தது. கூப்பிட்டேன். பிறகு தெரியவில்லை.

ஊரே தொழிலுக்குப் போகாமல் தேடியது. கடல், முகத்துவாரம், ஏரியின் உள்பக்கம், ஆந்திரா எல்லைவரைக்கும் போய்ப் பார்த்தார்கள். படகில் இருந்த தண்ணீர் கேன்கூடக் கிடைத்தது, அண்ணன் கிடைக்கவில்லை. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் போதும் என்று சொல்லி, அவருடைய சட்டையை வைத்துக் காரியம் செய்யச் சொன்னார்கள். நீரோட்டம் உள்ளே இழுத்திருந்தால் ஏரிக்குள்தான் எங்காவது சேற்றில் இருப்பார் என்று காரியத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அது அண்ணியின் காதிலும் விழுந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

நாங்கள் ஒரே வீடு, ஒரே அடுப்பு. நான், என் மனைவி, அண்ணி, அண்ணனுடைய சின்னப் பெண். சம்பாதிக்கிற இரண்டு ஆண்களில் ஒருவர் போய்விட்டார். மிச்சம் நான்தான்.

தோளில் அடிபட்டது நிஜம். பொன்னேரிக்குப் போய், எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். கார்த்திகை முடிவதற்குள் வலி சுத்தமாகப் போய்விட்டது. போகாதது வேறு ஒன்று. தண்ணீருக்குப் பக்கத்தில் போனாலே காது அடைத்துக்கொண்டது, கை சில்லிட்டது. பிறந்ததிலிருந்து இந்த ஏரியில் கிடந்தவன், கால் கழுவக்கூடக் கரைக்குப் போகாமல் பம்பில் அடித்துக் கழுவினேன். இதை யாரிடம் சொல்ல முடியும்? மீன்பிடிக்கிறவனுக்குத் தண்ணீர் பயம் என்றால் குப்பத்தில் சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிக்கும். அதனால் தோள் வலிக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொய் ஒன்று நன்றாக வேலை செய்தால் அதை விட மனம் வராது. ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்று எங்கள் ஊரில் சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். அதைப் பாடு என்போம். அண்ணனுடைய பாட்டையும் நீயே போட்டுக்கொள், குடும்பம் ஓட வேண்டுமே என்று பெரிய மனது பண்ணி ஊரில் சொன்னார்கள். தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தேன். சரி, ஆறட்டும் என்று விட்டுவிட்டார்கள். தினமும் சாயங்காலம் என் மனைவி எண்ணெயைச் சூடு பண்ணி, இல்லாத வலிக்குத் தேய்த்துவிட்டாள். இங்கேயா, இங்கேயா என்று அவள் கேட்க, இன்னும் கொஞ்சம் மேலே என்று நான் சொல்வேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அப்போதுதான் அண்ணி இறால் தடவப் போக ஆரம்பித்தார். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, குனிந்து, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவி இறாலைப் பிடிக்கிற வேலை அது. பிடித்ததைப் போட, பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். படகு இல்லாத வீட்டுப் பெண்கள் செய்கிற வேலை. எங்கள் வீட்டில் யாரும் அதற்குப் போனதில்லை. வீட்டில் ஆம்பளை இருக்கும்போது இவள் ஏன் தண்ணீரில் நிற்கிறாள் என்று டீக்கடையில் பேச்சு வந்தது. நானும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் இருக்க முடியாமல், கட்டு மாற்றப் பொன்னேரிக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுவேன். பஸ்ஸுக்குக் காசை அண்ணிதான் முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுப்பார். வாங்கிக்கொண்டு, பழவேற்காடு பஜாருக்குப் பக்கத்தில் இருக்கிற டச்சுக்காரர் கல்லறையில் போய் உட்கார்ந்துவிடுவேன். ஊர்க்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். பூநாரை பார்க்க வந்த சென்னைக்காரர்கள் அங்கேயும் வந்து, எலும்புக்கூட்டோடு சேர்த்துப் போட்டோ எடுக்கச் சொல்லி என்னிடம் போனை நீட்டுவார்கள். இரண்டு கையையும் தூக்கி ஜோராக எடுத்துக் கொடுப்பேன். இங்கே யார் புதைந்திருக்கிறார்கள் என்று கேட்டால் வாய்க்கு வந்த கதையைச் சொல்வேன். பொய் சொல்லத்தான் நன்றாகப் பழகியிருந்தேனே.

அவர்கள் போன பிறகு கல்லறை மேலிருக்கிற கல்லைத் தடவிப் பார்ப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது. எங்கேயோ பிறந்து, கப்பல் ஏறி வந்து, இங்கே செத்தவனுக்குப் பேர் வெட்டிய கல் இருக்கிறது. இங்கேயே பிறந்த என் அண்ணனுக்கு ஒரு பிடி மண்கூட இல்லை. அங்கே உட்கார்ந்து நிறைய அழுதிருக்கிறேன். அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, கட்டை நானே புதிதாகச் சுற்றிக்கொண்டு, பஸ்ஸில் வந்து இறங்கியவன் மாதிரி வீட்டுக்கு நடப்பேன்.

தை மாதத்தில் ஒரு நாள் வெயில் அதிகமாக இருந்ததென்று கல்லறையில் கட்டை அவிழ்த்துப் போட்டிருந்தேன். திரும்பக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அண்ணி பின்பக்கம் உட்கார்ந்து அன்றைய இறாலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, கட்டு இந்தப் பக்கம் வந்துகீது?" என்றார்.

குனிந்து பார்த்தேன். கட்டு இடது தோளில் இருந்தது. சத்தம் போட்டிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவர் சத்தம் போடவில்லை. மறுபடி இறாலைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"உன் பொண்டாட்டி தண்ணி புடிக்கப் போயிருக்கா. வர்றதுக்குள்ள மாத்திக் கட்டிக்க."

உள்ளே போய் மாற்றிக் கட்டிக்கொண்டேன். நான் மாற்றிக் கட்டிக்கொண்டதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. அவிழ்த்து எறிந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலமும் தோளை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது அண்ணி, நாளைக்குக் காலையில் தன்னோடு ஏரிக்கு வரச் சொன்னார். தண்ணீரில் இறங்க வேண்டாம், கரையில் நின்றால் போதும் என்றார். என்னைப் பெண்கள் நடுவில் நிறுத்தி அசிங்கப்படுத்தத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். மனதுக்குள் அவரைத் திட்டினேன். ஆனால் என் குடுமி அவர் கையில் இருந்தது, மறுக்க முடியவில்லை.

காலையில் போனோம். மற்ற பெண்கள் வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள். அண்ணி பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினார். நான் தண்ணீர் படாத இடமாகப் பார்த்து நின்றேன். அவர் குனிந்து துழாவிக்கொண்டே போவதும், நடுவில் திரும்பி நான் நிற்கிறேனா என்று பார்ப்பதுமாக இருந்தார். எதற்கு இத்தனை முறை பார்க்கிறார் என்று எரிச்சலாக இருந்தது.

திடீரென்று குனிந்தபடியே நின்றுவிட்டார். பறி வாயிலிருந்து விழுந்து தண்ணீரில் மிதந்தது. அவர் அதைப் பிடிக்கவில்லை.

"தம்பி" என்றார். கத்தவில்லை. "கைல துணி மாட்டிக்கிச்சு."

யாராவது தூக்கிப் போட்ட துணியாக இருக்கும், விட்டுவிட்டு வாருங்கள் என்று கரையில் நின்றபடியே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"உள்ள கனமா இன்னாவோ கீது. என்னால பாக்க முடியல. நீ வந்து பாரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்தும் கால் நகரவில்லை. என் அண்ணனின் மனைவி, என் அண்ணனாக இருக்குமோ என்று நினைக்கிற ஒன்றைத் தொட்டுக்கொண்டு தண்ணீரில் நிற்கிறார். நான் காய்ந்த மண்ணில் நிற்கிறேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. அதற்கு என்ன காரணம் சொன்னாலும் எடுபடாது, நின்றேன் என்பதுதான் நிஜம்.

அண்ணி திரும்பாமலே பேசினார்.

"தெனமும் இப்டித்தான் தம்பி. கட்டை தட்டினாலும், பாசி சுத்தினாலும், அவருதான்னு நெனச்சிக்கினுதான் கைய வைக்கிறேன். கெடைச்சா தேவலனும் இருக்கு, கெடைக்கக் கூடாதுனும் இருக்கு. தனியா முடியலனுதான் உன்னக் கூப்ட்டேன். உன்ன வுட்டா எனக்கு யாரு கீறாங்க?"

எப்படி இறங்கினேன் என்று சொல்லத் தெரியவில்லை. முழங்கால்வரை வந்ததும் வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தேன். காதுக்குள் அந்த அலைச் சத்தம்தான் கேட்டது, ஏரி என்னவோ அசையாமல்தான் கிடந்தது. அண்ணி பக்கத்தில் போய், அவர் கையை எடுக்கச் சொல்லி, அந்த இடத்தில் என் கையை விட்டேன்.

சாக்கு. யாரோ வலைக்குக் கனமாக மண் நிரப்பிக் கட்டிப் போட்ட பழைய சிமெண்ட் சாக்கு. சேற்றோடு பிடுங்கி மேலே தூக்கினேன். ஒரு ஓரம் கிழிந்து மண் கொட்டியது, சின்ன நண்டு ஒன்று வெளியே வந்து விழுந்து ஓடியது.

அண்ணி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கழுத்துவரை தண்ணீர் வர அப்படியே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். காரியத்தன்றுகூட அவர் அப்படி அழவில்லை. நானும் அழுதேன். சாக்கைக் கீழே போட வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் தூக்கிப் பிடித்தபடியே நின்று அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தோளு செரியாயிடுச்சி போல கீதே" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த உடனே வெட்கம் வந்தது. இத்தனை நாளாக அவர் தினமும் அந்தச் சேற்றில் கையை விட்டிருக்கிறார். ஒவ்வொரு நாளும் புருஷனின் உடம்பைத் தொடப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே இறால் பிடித்திருக்கிறார். அந்தக் காசில் நான் சோறு தின்றேன், அந்தக் காசில் பொன்னேரிக்கு டிக்கெட் என்று சொல்லிக் கல்லறை நிழலில் உட்கார்ந்து, அண்ணன் போன துக்கம் எனக்கு மட்டும்தான் என்று அழுதேன். பயம் எனக்கு மட்டுமே வந்த வியாதி என்று நினைத்திருந்தேன். அவருக்கு இருந்தது என்னுடையதைவிடப் பெரிய பயம். அவர் அதைத் தோள்வலி என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டை அவிழ்த்து என் மனைவியின் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி சொல்லச் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. மனைவி கோபத்தில் பல நாள் என்னோடு பேசவில்லை. அவள் கோபம் நியாயம். தினமும் அண்ணியோடு போய்க் குனிந்து குனிந்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோதுதான் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். "இதுனாச்சும் நெசந்தானா?" என்று கேட்டுவிட்டுத் தேய்த்தாள்.

இறால் தடவுகிற ஆம்பளை என்று டீக்கடையில் கொஞ்ச நாள் ஓட்டினார்கள். ஓட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வருடமே ஏரியில் படகு ஏறினேன், அண்ணனின் பாட்டையும் சேர்த்து வலை போடுகிறேன். முகத்துவாரத்தைத் தாண்டி மட்டும் இன்னும் போகவில்லை. யாராவது கேட்டால் பயமாக இருக்கிறது என்றே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் இதுவரை கிடைக்கவில்லை. பாடு இல்லாத நாட்களில் நானும் அண்ணியும் இறால் தடவப் போகிறோம், நான் ஒரு எட்டு முன்னால் போகிறேன். சேற்றில் எது இருந்தாலும் முதலில் என் கைக்குத் தட்டட்டும் என்றுதான். நான் கரையில் நின்ற அந்த நேரத்தை எதுவும் திருப்பித் தராது, அந்த வெட்கம் போகவும் போகாது. ஆனால் விடிந்ததும் என்னை எழுப்பி அண்ணியின் கைக்கு முன்னால் என் கையைக் கொண்டுபோய் வைப்பது அந்த வெட்கம்தான்.