கழுத்தை விட்டுத் தேய்த்த பனியன்கள்

உள்பனியனுக்கும் அயர்ன் போட்டு உடுத்துகிற ஆள் எங்கள் ஊர் நெருப்பெரிச்சலிலேயே நான் ஒருவன்தான். பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். அவர்களை விட நான்தான் முன்பு அதிகம் சிரித்தவன்.

இங்கே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினோரு வருஷம் அயர்ன் மாஸ்டராக இருந்தேன். பனியன் துணியைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க முடியாது என்ற திமிர் உண்டு. இரண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில், நர்ஸான என் மனைவிக்கு டான்சானியாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நானும் கூடப் போனேன், திமிரோடும் கம்பெனியில் கொடுத்த நாலு டஜன் குழந்தைப் பனியன்களோடும்.

ஆஸ்பத்திரியை ஒட்டி, பெற்றோர் இல்லாத குழந்தைகளுக்கு ஒரு விடுதி இருந்தது. அதை நடத்திய ஃபாதர் என்னைச் சலவைக் கொட்டகைக்குப் பொறுப்பாக்கினார். டிரம்மில் தண்ணீர் நிரப்புவேன், கரி மூட்டை இறக்குவேன். துவைத்துத் தேய்த்தது ஒரு உள்ளூர் அம்மா. புருஷன் இல்லாதவர். மூன்று பிள்ளைகளுக்கும் அந்த வேலைதான் சோறு போட்டது.

அவர் ஜட்டி, துடைக்கிற துணி என்று ஒன்றையும் விடாமல் கரிப் பெட்டியால் தேய்ப்பார். ஏன் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினார். காயப்போட்ட ஈரத்துணியில் ஒரு ஈ முட்டையிடுமாம். சூடு காட்டாமல் உடுத்தினால் புழு தோலுக்குள் புகுந்துவிடுமாம். சரிதான் என்று தலையாட்டினேன்.

ஆனால் நான் குழந்தைகளுக்குக் கொடுத்த பனியன்களின் கழுத்தைச் சுற்றிய ரிப் பட்டை மேல் அவர் பெட்டியை அழுத்தி இழுத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. சூட்டில் இழுத்தால் ரிப் தளர்ந்து வாயைப் பிளந்துவிடும். அப்படிச் செய்தவனைக் கம்பெனியில் நாலு பேர் முன்னால் காய்ச்சியிருக்கிறேன். பெட்டியைப் பிடுங்கி, கழுத்தையும் அக்குளைச் சுற்றி வரும் கை ரிப்பையும் விட்டுத் தேய்த்துக் காட்டினேன். அவர் பனியன் கழுத்தைத் தொட்டு, "ஈ" என்றார். "உடம்பைத் தேய்த்தால் போதும்" என்றேன். பொறுப்பாளன் சொன்னால் அவர் என்ன செய்வார்? அப்படியே செய்தார்.

பத்து நாள் இருக்கும். "ஏனுங்க, இங்க வந்து பாருங்க" என்று மனைவி கூப்பிட்டாள். அவள் மடியில் ஒரு குழந்தை வீறிட்டது. கழுத்தைச் சுற்றி வரிசையாகக் கட்டிகள். வாஸ்லின் களிம்பைத் தடவி, கொஞ்ச நேரம் பொறுத்து ஒன்றைப் பிதுக்கினாள். வெள்ளைப் புழு வந்தது.

"ஆறு கொழந்தைக்கு இப்படித்தானுங்க. வயித்துல, முதுகுல ஒண்ணுமே இல்லீங்க. கழுத்துலயும் அக்குள்லயும் மட்டும் எப்படீங்க?"

எனக்குத் தெரியும். டிரம்மில் தண்ணீர் நிரப்பப் போய்விட்டேன்.

மத்தியானம் ஃபாதர் கொட்டகைக்கு வந்தார். தேய்க்காமல் கொடுத்தாயா என்று அந்த அம்மாவிடம் சுவாஹிலியில் கேட்டது எனக்கே புரிந்தது. அந்த அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். நாளை முதல் வர வேண்டாம் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். அந்த அம்மா பெட்டியிலிருந்த சாம்பலைக் கொட்டிச் சுத்தம் செய்து வைத்துவிட்டுப் போனார். நான் மரம் மாதிரி நின்றேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "எங்கிட்டச் சொல்லி என்னாகுதுங்க? போயி ஃபாதர்கிட்டச் சொல்லுங்க" என்றாள்.

போய்ச் சொன்னேன். ஃபாதர், "அந்த அம்மாவை நீங்களே போய்க் கூப்பிடுங்கள்" என்றார். அந்த அம்மா தன் வீட்டு வாசலில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் உதிர்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை வந்தார். கரியை மூட்டி, முதல் பனியனை விரித்து உடம்பைத் தேய்த்தார். கழுத்துக்கு வந்ததும் நிறுத்தி, பெட்டியின் கைப்பிடியை என் பக்கம் திருப்பினார்.

வாங்கினேன். கூடையிலிருந்த ஒவ்வொரு கழுத்தையும் அழுத்தித் தேய்த்தேன். ரிப் ஒவ்வொன்றாக வாயைப் பிளந்தது. அவர் ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, கழுத்தில் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகே மடித்தார்.