முற்றத்து வெயில் யாருக்கு?

எங்கள் வீட்டு முற்றத்து வெயிலுக்காக இரண்டு பேர் சண்டை போட்டார்கள் என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். இராமேஸ்வரம் தீவில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் அக்காள்மடத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி ஒரே தென்னை. காலை முதல் மாலை வரை நிழல் விழாத இடம் அந்த முற்றம் ஒன்றுதான். அதில் கருவாடு காயவேண்டும் என்றாள் அத்தை. பூச்செடி வளரவேண்டும் என்றாள் அம்மா. நான் அம்மா கட்சி.

அத்தை, அய்யாவுக்கு அக்கா. அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கடலுக்குப் போய்க் கொண்டுவரும் மீனில் விற்றது போக மிச்சத்தை உப்புப் போட்டுக் காயவைத்துச் சந்தைக்குக் கொண்டுபோவது அடுத்த வீட்டில் இருந்த அத்தையின் தொழில். அவள் கரையில் நின்று கத்தினால் வள்ளத்தில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான், அப்படி ஒரு தொண்டை. அம்மாவோ கமுதிப் பக்கத்து மிளகாய்க் காட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வந்து இத்தனை வருசமாகியும் தெருவில் அவளுக்குக் ‘கமுதிக்காரி’ என்றுதான் பேர். மாதா கோயில் திருவிழாவுக்குச் சப்பரம் ஜோடிக்கும்போதுகூட மற்றப் பெண்கள் பூக்கட்டுவார்கள், அம்மா ஓரமாக உட்கார்ந்து நூல் பிரித்துக் கொடுப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சண்டைக்கு முந்தின வருசமே அம்மா வேலியோரம் அரளிக் குச்சிகளை ஊன்றியிருந்தாள். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த கோடையில் பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பியவள், முந்தானையில் விதை முடிந்துகொண்டு வந்தாள். கேந்தி, காசித்தும்பை, கோழிக்கொண்டை, வாடாமல்லி. முற்றம் முழுக்கப் பாத்தி கட்டினாள். “அரளி வேரு பிடிச்சிருச்சுன்னா பேரன் பேத்தி காலம் வரைக்கும் நின்னு பூக்கும். இதெல்லாம் ஒரு பருவம் பூத்துட்டுப் போயிரும், வருசா வருசம் விதைக்கணும்” என்று அய்யாவிடம் விளக்கினாள். அய்யா தலையை ஆட்டினார். அவருக்குத் தெரிந்த ஒரே பருவம் மீன் படும் பருவம்தான்.

மறுநாள் காலை நெத்திலிக் கூடையோடு வந்த அத்தை பாத்திகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏலே தம்பி! இங்கன வாடா! சோறு போடுற எடத்துல உன் பொண்டாட்டி பூவப் போட்டு வச்சிருக்கா பாரு. உப்புக் காத்துல பூவாம்ல பூவு! இந்த நெத்திலிய உன் தலையிலயா காயப்போட?”

“மதினி, கோயிலுக்குப் பூ நம்ம வீட்டுலருந்தே போகட்டுமேன்னுதான்…” என்று அம்மா இழுத்தாள்.

“ஆமா, இவ பூவுக்குத்தான் மாதா காத்துக்கிட்டு இருக்கா!”

சூறைக்காற்றுக்கு அஞ்சாத அய்யா அன்றைக்கு இரண்டு பெண்களுக்கு நடுவில் நின்று தலையைச் சொறிந்தார். கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். திருவிழா வரைக்கும் முற்றம் அம்மாவிடம் இருக்கட்டும். இந்த முற்றத்துப் பூ ஒரு கூடையாவது சப்பரத்தில் ஏறிவிட்டால் முற்றம் அவளுக்கே. ஏறாவிட்டால் செடிகளைப் பிடுங்கிவிட்டுக் கருவாடு போட வேண்டியதுதான். அத்தை சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஜெயித்துவிட்டோம் என்கிற சிரிப்பு அது.

விதைகள் என்னமாய் முளைத்தன! நான் விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஆனால் வெயில் ஏற ஏறத் தண்ணீர் போதவில்லை. எங்கள் பக்கம் மணலில் முழங்கால் ஆழம் பறித்தால் நல்ல தண்ணீர் கசியும். அதற்கு ஊத்து என்று பேர். கசியக் கசியத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பவேண்டும். குடம் நிறைவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். ஊத்துப் பறிப்பதெல்லாம் அத்தையின் அதிகாரம், அம்மா மொண்டு வருவதோடு சரி. கமுதியில் கிணறு வற்றினால் இன்னும் ஆழமாக வெட்டுவார்கள், தண்ணீர் வரும். அந்த நினைப்பில், அய்யா கடலுக்குப் போயிருந்த ஒரு நாள், அம்மா மண்வெட்டியை எடுத்து முற்றத்து மூலையில் தன் உயரத்துக்கு ஒரு குழி தோண்டிவிட்டாள். நானும் மண் அள்ளிக் கொட்டினேன். குபுகுபுவென்று தண்ணீர் வந்தது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வாளி வாளியாகச் செடிகளுக்கு ஊற்றினோம். குடிப்பதற்கு வேறு ஊத்து இருந்ததால் அதை ஒருவரும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

சில நாளில் கேந்தி இலைகள் ஓரம் கருகின. காசித்தும்பை தலையைத் தொங்கப் போட்டது. வெயில்தான் காரணம் என்று அம்மா இன்னும் இரண்டு வாளி ஊற்றினாள். செடிகள் இன்னும் வேகமாகச் செத்தன. திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளை முறைத்தேன். அவள் விடுவிடுவென்று உள்ளே வந்து, குழியில் இறங்கி, தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். அவ்வளவுதான்.

“அடி கூறுகெட்டவளே! கமுதின்னு நெனச்சியாடி? இங்கன மேல நிக்கிறதுதான் நல்ல தண்ணி. தோண்டத் தோண்டக் கடலுதான் வரும். செடி வளக்குறியா, ஊறுகா போடுறியா?”

அம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டு அழுதாள். அத்தை ஏசிக்கொண்டே அந்தக் குழியை மூடினாள். ஏசிக்கொண்டே வேறு இடத்தில் முழங்கால் ஆழத்தில் புது ஊத்துப் பறித்தாள். சிரட்டையை அம்மா கையில் திணித்தாள். “அழுதது போதும், மொள்ளு. வேர் நல்லா நனைய ஊத்து. உப்பு கீழ எறங்கட்டும்.”

அவள் போனதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அத்தைக்கு விவரமே பத்தாதும்மா!” என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

கேந்தியும் காசித்தும்பையும் போனது போனதுதான். ஆனால் கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் தலை நிமிர்ந்தன. அரளி எதையும் சட்டை செய்யவில்லை. வேலியோரம் யாரும் வைக்காமல் முளைத்த நித்தியகல்யாணி வெள்ளையும் ரோஸுமாகக் குவிந்து கிடந்தது.

அப்போது பாம்பனுக்குச் சாலைப் பாலம் வரவில்லை. திருவிழாப் பூ மதுரையிலிருந்து ரயிலில்தான் வரும். தேர்பவனி அன்று காற்று பேயாய் அடித்தது. ஸ்டேஷனுக்குப் போன ஆள் வெறுங்கையோடு திரும்பினான். “ரயிலு மண்டபத்துலயே நிக்கிது. காத்து அடங்குற வரைக்கும் பாலத்துல விடமாட்டாகளாம்.”

வெறும் மரமாக நின்றது சப்பரம். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, ஆகா, அந்தக் காட்சியை நான் எப்படிச் சொல்வேன்! தெருவே திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தது. கூடை, சுளகு, அண்டா என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் எங்கள் வேலிப் படலைத் திறந்துகொண்டு வந்தார்கள். “மிதிக்காம பறிங்க! மிதிக்காம!” என்று நான் அதிகாரம் பண்ணினேன்.

எல்லாம் பறித்தும் சப்பரத்தின் பின்பக்கம் மொட்டையாக நின்றது. மிச்சம் இருந்தது நித்தியகல்யாணி மட்டும். ஒருத்தியும் கை வைக்கவில்லை. எங்கள் ஊரில் அது கல்லறைப் பூ. கல்லறைத் திருநாளுக்குத்தான் பறிப்பார்கள், கோயிலுக்குள் ஏற்றுவதில்லை.

அத்தைதான் வாயைத் திறந்தாள். “மகனையே கல்லறையில வச்ச தாயி நம்ம மாதா. அவளுக்கு ஆகாத கல்லறைப் பூவாடி? பறிங்க எல்லாத்தையும்!” பிறகு நூல்கண்டை எடுத்து அம்மா மடியில் போட்டாள். “ஏய் கமுதிக்காரி, நீ கட்டு. நாங்க நூல் பிரிச்சுத் தாரோம்.”

அன்று மாதா எங்கள் முற்றத்தை உடுத்திக்கொண்டு தெருத்தெருவாக வந்தாள். தங்கச்சிமடத்திலிருந்து வந்தவர்கள் எங்கே வாங்கிய பூ என்று கேட்டார்கள். கேட்காதவர்களுக்கும் நான் ஓடி ஓடிச் சொன்னேன். அம்மா முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டே அழுதாள். அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் அத்தை கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, காக்காயும் நாயும் மொய்க்கும் கடற்கரையில் காயப்போட நடந்தாள். நான் படலில் ஏறி நின்று, “முற்றம் எங்களுக்கு!” என்று கூவினேன். “ஆமாடி, ஜெயிச்சிட்டீக, போ” என்று சிரித்துக்கொண்டே போனாள். தோற்றவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. செடிகள் கருகிய அன்றைக்கு வேலிக்கு அந்தப் பக்கமே பேசாமல் நின்றிருந்தால் முற்றம் அவளுக்குத்தான் போயிருக்கும். அதைக் கணக்குப் போடப் பெரிய விவரம் தேவையில்லை. ஒன்பது வயசான எனக்கே தெரிந்தது அத்தைக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று, வெகுகாலம் அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.