கழுவாத முதுகு

எபனேசர் ப்ராஸரை வேல்ஸில் எங்கள் ஊரான கும்தூவில் யாரும் முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கயித்து எபன் என்றால்தான் தெரியும். எங்கள் சுரங்கப் பள்ளத்தாக்கில் ஒட்டுப்பேர் இல்லாதவன் ஒன்று போதகராக இருக்க வேண்டும், இல்லை நேற்று ரயிலேறி வந்தவனாக இருக்க வேண்டும். எபனுக்கு அந்தப் பேர் குத்துச்சண்டை மேடை கொடுத்தது. மற்றவன் கயிற்றில் சாய்ந்தால் ஆள் தீர்ந்தான் என்று அர்த்தம். எபன் சாய்ந்தால் எதிராளிக்குத்தான் ஆபத்து. முதுகைக் கயிற்றில் கொடுத்துப் பின்னால் வளைவார். வருகிற குத்து மூக்குக்கு முன்னால் வெறும் காற்றில் போகும். கயிறு அவரை முன்னால் தள்ளும்போது வலது கை எதிராளியின் தாடையில் இறங்கும்.

சும்மா வரவில்லை அந்த வித்தை. பகலெல்லாம் நிலக்கரி வெட்டிவிட்டு, சந்தைக்குச் சந்தை போகும் சண்டைக் கூடாரத்தில் நின்று கற்றது. "இவனை எதிர்த்து மூணு ரவுண்டு நிக்க யாருக்குய்யா தைரியம் இருக்கு?" என்று கூடாரக்காரன் கூவுவான். குடித்துவிட்டு வந்த கொல்லன், கப்பல்காரன், மாட்டுத் தரகன் எல்லோரும் ஏறுவார்கள். ஒவ்வொருவனும் தன் பலத்தையெல்லாம் காற்றில் வீசிவிட்டு மூச்சிரைக்க இறங்குவான்.

அப்படியே மேலே வந்தவருக்குக் கடைசியில் வேல்ஸ் பட்டத்துக்கான சண்டை கிடைத்தது. தீர்ப்புச் சொல்ல லண்டனிலிருந்து, பின்னால் வால் தொங்கும் வாலாட்டிக் கோட்டு போட்ட ஒரு கனவான் வந்திருந்தார். இருபது ரவுண்டிலும் எதிராளியின் கை எபனின் முகத்தில் ஒழுங்காகப் பட்டது மிகக் கொஞ்சம். ஆனால் கனவான் எதிராளியின் கையைத்தான் தூக்கினார். "கயிற்றில் துணி காயப்போடுவதற்குப் பேர் குத்துச்சண்டை அல்ல" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அநியாயம், வேறென்ன! எபன் அதை மறக்கவில்லை. மறுபடி ஒரு வாய்ப்பு வருவதற்குள் யுத்தம் வந்தது. பிரான்சில் ஒரு பீரங்கி வண்டிச் சக்கரம் அவருடைய வலது கை விரல் முட்டிகளை நசுக்கியது. அதோடு ஆட்டம் முடிந்தது.

ஊர் திரும்பியவர், மதுக்கடைக் குதிரை லாயத்தின் மேல்மாடியில் கயிறு கட்டிப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். வந்தவர்கள் எல்லாம் நேரே நின்று அடிக்கிற ஜாதி. கயிற்றில் சாய் என்றால் உடம்பு மரக்கட்டையாகிவிடும். ஒருவன் நன்றாக வந்தான், அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். இன்னொருவன் அவனைவிட நன்றாக வந்தான். திடீரென்று ஜெபக்கூட்டத்தில் மனந்திரும்பி, அடிப்பது பாவம் என்று போய்விட்டான். "ஆண்டவருக்கு ஆளே கிடைக்கலையா? என் ஆளுதான் வேணுமா?" என்று எபன் தேவாலய வாசலிலேயே நின்று கத்தினார். போதகர் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசியில் வந்தவன் மோஸ்டின் பியூ. கல்யாணமானவன், கரி வெட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். கயிற்றில் முதுகு பட்டதும் அவன் உடம்பு வளைந்த விதத்தைப் பார்த்ததுமே, தேடிய ஆள் இவன்தான் என்று எபனுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருஷம் அவனைத் திட்டித் திட்டியே உருவாக்கினார். பள்ளத்தாக்கில் எல்லோரையும் ஜெயித்தான் மோஸ்டின். இனி பாக்கி ஒன்றே ஒன்று. கார்டிஃப் நகரில் துறைமுகத்துக்காரன் சிட் ராலின்ஸை அடித்துவிட்டால், அடுத்தது லண்டனில் பட்டச் சண்டை, பேச்சு முடிந்துவிட்டது. அந்த வாலாட்டிக் கோட்டுகளுக்கு நடுவே, அதே கயிற்றில் சாய்ந்து, மோஸ்டின் ஜெயிக்க வேண்டும். எபனுக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே மிச்சமில்லை.

ஆகையால் சண்டை நெருங்க நெருங்க அவருடைய கெடுபிடி தாங்கமுடியவில்லை. பீர் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழுவில் தொண்டை கிழியப் பாடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது.

சுரங்கத்தில் இறங்குகிற ஆண்பிள்ளை முதுகைக் கழுவமாட்டான். கழுவினால் முதுகெலும்பு தளர்ந்துவிடும், பலமெல்லாம் தொட்டித் தண்ணீரோடு போய்விடும். எபனின் அப்பா கழுவியதில்லை, தாத்தா கழுவியதில்லை. வேலை முடிந்து வந்ததும் அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியில் உட்கார்ந்தால், பெண்சாதி தலையைத் தேய்ப்பாள், மார்பைத் தேய்ப்பாள். முதுகை மட்டும் உலர்ந்த கம்பளித் துணியால் ஒரு துடை, அவ்வளவுதான். இந்தக் காலத்துப் பையன்கள் சிலர் சனிக்கிழமைகளில் கழுவ ஆரம்பித்திருந்தார்கள். எபன் அவர்களை மதுக்கடையில் உட்காரவிடமாட்டார். "போங்கடா, போய்ப் பொம்பளைங்களோட உக்காந்து பட்டாணி உரிங்க" என்று விரட்டுவார். முதுகிலேயே பிழைத்த மனிதர் அல்லவா, அவருக்கு அது வேதவாக்கு.

சண்டைக்கு முந்தின வாரம் மோஸ்டினின் மனைவி ஓல்வென் லாயத்து மாடிக்கே ஏறி வந்துவிட்டாள். பெண்கள் அங்கே வருவதில்லை. அவள் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எபன் அண்ணே, இவரு முதுகுல கட்டி வந்திருக்கு. ராத்திரி மல்லாந்து படுக்க முடியல. வெந்நீர் ஒத்தடம் குடுத்துக் கழுவிவிடப் போறேன்."

"கழுவுவே, கழுவுவே! கழுவிட்டு அவனை எதுக்கு மேடைக்கு அனுப்பறே? அதுக்கு ஒரு வெந்த வெங்காயத்தாளை அனுப்பலாம்!"

"கட்டிண்ணே அது. தொட்டா சுடுது."

"எத்தனை சண்டை பாத்திருக்கே நீ? கயித்துல தேஞ்சு தேஞ்சு காய்ப்பு ஏறுதும்மா. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. காய்ப்பு ஏறினாத்தான் முதுகு இரும்பாகும்."

"காய்ப்பு சுடுமா?"

"தொடாதேங்கறேன், நீ ஏன் தொட்டுத் தொட்டுப் பாக்கறே?"

மோஸ்டின் தலையைக் குனிந்துகொண்டு கையுறைக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான். "அண்ணே, லேசா வலிக்கத்தான் செய்யுது" என்றான்.

"வலிக்கும்டா. பலம் ஏறும்போது வலிக்காம கிச்சுகிச்சு மூட்டுமா?"

"சரி. விடு ஓல்வென். அண்ணனுக்குத் தெரியாததா?"

ஓல்வென் இருவரையும் பார்த்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா நாசமாப் போங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

சனிக்கிழமை மதியம் பாதி கும்தூவே ரயிலேறிக் கார்டிஃபுக்குப் போயிற்று. சண்டைக்கு முன் பார்த்த டாக்டர் மோஸ்டினின் மார்பில் குழாயை வைத்தார், நாக்கை நீட்டச் சொன்னார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மோஸ்டின் மேலங்கியைக் கழற்றி மேடையில் நின்றதும் துறைமுகத்துக்காரர்கள் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். முன்பக்கம் பால் மாதிரி வெள்ளை, பின்பக்கம் கன்னங்கரேல்.

"டேய், அடுப்புக்கரி! திரும்பி நின்னா ஆளே தெரியலடா!"

"முதுகை வீட்ல கழட்டி வச்சுட்டு வந்திருக்கலாமே!"

எங்கள் ஆட்கள் பதிலுக்குக் கத்தினார்கள். எபன் காதிலேயே வாங்கவில்லை. அந்தக் கறுப்பு அவருக்குக் கவசம். அதற்குள்ளே என்ன வீங்கியிருந்தது என்று விளக்கு வெளிச்சத்தில் யாருக்குத் தெரியும்? கரி வெட்டுகிறவன் முதுகில் நீலத் தழும்பும் மேடும் பள்ளமும் இல்லாமலா இருக்கும்?

முதல் சில ரவுண்டுகளில் மேடை நடுவிலேயே நின்று மோஸ்டின் நன்றாகத்தான் ஆடினான். பிறகு ராலின்ஸ் அவனைத் தள்ளிக்கொண்டு ஓரத்துக்கு வந்தான். இதற்குத்தானே காத்திருந்தது! எபன் எழுந்தேவிட்டார். மோஸ்டினின் முதுகு கயிற்றில் பட்டது. பட்டதும், சூடான அடுப்பில் கை வைத்தவன் மாதிரி துள்ளி முன்னால் வந்தான், நேரே ராலின்ஸின் இடது கைக்குள்.

"சாய்டா! கயித்துல சாய்!" என்று எபன் அலறினார்.

சாயவில்லை. மறுபடி ஓரத்துக்கு வந்தான், மறுபடி துள்ளினான். ராலின்ஸ் ஒன்றும் முட்டாள் இல்லை. இவனுக்குக் கயிறு ஆகாது என்று கண்டுகொண்டு அங்கேயே தள்ளித் தள்ளிக் கொண்டுபோனான். இரண்டு வருஷத்து உழைப்பு எபனின் கண் முன்னால் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. மணி அடித்து மோஸ்டின் வந்து முக்காலியில் உட்கார்ந்தான், மூலைக் கம்பத்தில் சாயாமல் விறைத்துக்கொண்டு.

"என்னடா ஆச்சு ஒனக்கு? ரெண்டு வருஷமா யாருக்குச் சொல்லிக் குடுத்தேன், செவுத்துக்கா?"

"முடியல அண்ணே."

"முடியலயா, பயமாடா? பயந்தாங்கொள்ளி! இத்தனை பேர் முன்னால என் மானத்தை வாங்கறியே! லண்டன் போச்சேடா, லண்டன்!"

முன்வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. மோஸ்டின் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். "சரி, சாயறேன்" என்றான்.

சாய்ந்தான். ராலின்ஸ் மேலே விழுந்து அழுத்த, கயிற்றில் முழு முதுகையும் கொடுத்தான். வாய் தானாகத் திறந்தது. இரண்டு கைகளும் கீழே தொங்கின. ராலின்ஸுக்கு வேறென்ன வேண்டும்? அடித்தான். மோஸ்டின் குப்புற விழுந்தான். பத்து எண்ணி முடிக்கிறவரை எழுந்திருக்கவில்லை.

உடை மாற்றும் அறையில் மேலங்கி முதுகோடு ஒட்டிக்கொண்டது. எபன் எரிச்சலோடு வெடுக்கென்று இழுத்தார். இழுத்த கை அப்படியே நின்றது. தோள்பட்டைகளுக்கு நடுவே உடைந்த கட்டியிலிருந்து சீழும் ரத்தமும் கரியைக் கரைத்துக்கொண்டு ஓடின. சுற்றிலும் கன்றிச் சிவந்திருந்தது.

"அடப்பாவி! ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

மோஸ்டின் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை.

"சொன்னேனே அண்ணே. நீங்கதான் காய்ப்புன்னீங்க."

எபன் பக்கெட்டை எடுத்து வந்து கழுவினார். வாழ்நாளில் முதல்முதலாக ஒரு முதுகைக் கழுவினார், நசுங்கிய விரல்களால். மூன்று முறை தண்ணீர் மாற்றினார். தன்னைத்தானே அவர் திட்டிக்கொண்ட திட்டுகளை இங்கே எழுத முடியாது. இந்தப் பையனையா பயந்தாங்கொள்ளி என்றேன், அந்த வலியோடு நான் சொன்னேன் என்று போய்ச் சாய்ந்தானே என்று மனதுக்குள் புலம்பிக்கொண்டே கழுவினார்.

திரும்புகிற ரயிலில் மோஸ்டின் ஜன்னலோரம் முழங்கால்களில் கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் அவன் காதில் விழும்படியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கயித்தைக் கண்டா பயம்னா அப்புறம் எதுக்கு மேடை ஏறணும்?" என்றான் எங்கள் ஊர் ரொட்டி ஹாப்கின்.

எபன் எழுந்து நின்றார். வாயைத் திறந்தால் பயிற்சியாளர் என்கிற பேர் இன்றோடு போகும் என்று அவருக்குத் தெரியும். போகட்டும்.

"கேளுங்கய்யா எல்லாரும். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. முதுகுல கட்டி. கழுவாம அழுக்குச் சேந்து சீழ் வச்சிருக்கு. அவன் பொண்டாட்டி கழுவறேன்னா, நான்தான் கூடாதுன்னேன். நான்தான் தோக்கடிச்சேன்."

ஹாப்கின் சிரித்தான்.

"கழுவாததால தோத்தானா? அப்ப நாம அத்தனை பேரும் இந்நேரம் படுத்த படுக்கையால்ல இருக்கணும்!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"எபன் அண்ணனுக்குப் பெரிய மனசு. பையனை விட்டுக் குடுக்க மாட்டேங்கறாரு."

"எனக்குத் தெரியும் என்ன நடந்திருக்கும்னு. அந்த ஓல்வென் திருட்டுத்தனமாக் கழுவியிருப்பா. முதுகு தளந்துபோச்சு. அதான் கயித்துல நிக்கல."

"ஆமாமா, அதேதான்! அவ மூஞ்சியப் பாத்தாலே தெரியுமே!"

"டேய், நான் சொல்றேன், கேளுங்கடா!" என்று எபன் பெட்டி அதிரக் கத்தினார். யாரும் கேட்கவில்லை. ஓல்வெனின் அம்மா காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்துக்குத் தண்ணீர்ப் பைத்தியம் என்று ஒருவன் தொடங்கிவிட்டான். மதுக்கடையில் வருஷக்கணக்காகத் தான் பேசிய பேச்சையே வார்த்தை பிசகாமல் தனக்குத் திருப்பிச் சொல்கிற அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு, எபன் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டேஷனில் இறங்கி மேட்டுத் தெருவில் ஏறும்போது மோஸ்டின் கூட்டத்துக்குப் பின்தங்கி, அவர் வருகிறவரை காத்து நின்றான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அடிக்கிறதுன்னா அடிச்சுக்கங்க."

"சொல்லுடா."

"அவங்க சொல்றது நெசம். வியாழக்கெழமை வலி தாங்கல. ஓல்வென் வெந்நீர்ல துணியை நனைச்சு ஓரமா கொஞ்சம் துடைச்சுவிட்டா. அவ மேல தப்பில்ல, நான்தான் துடைன்னேன். ஒங்ககிட்ட மறைச்சுட்டேன்." அவன் குரல் உடைந்தது. "ஒங்க லண்டன் என்னாலதான் போச்சுண்ணே."

"டேய் மடையா! துடைச்சதால இல்லடா, துடைக்காததால! நான் சொன்னதுதான்டா தப்பு! எங்கப்பன் சொன்னது தப்பு! நீயாவது புரிஞ்சுக்கடா!"

மோஸ்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான்.

"ரயில்லயும் எனக்காக அப்படித்தான் சொன்னீங்க. யாருண்ணே சொல்லுவா இப்படி? இனிமே ஒரு சொட்டுத் தண்ணி படாது. சத்தியமா."

சொல்லிவிட்டு, சட்டை முதுகில் படாதபடி குனிந்துகொண்டு மேட்டில் ஏறினான்.