எட்டாம் விதி

எங்கள் காலனிச் சங்கச் செயலாளரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். கொடிக்கம்பத்துக்கு மீசை வைத்தது போன்ற உருவம். காலனி வாசலில் இருந்த கரும்பலகையில் குடியிருப்போருக்கான விதிகளை அவர்தான் எழுதுவார். தொண்ணூறுகளில் தாமிரபரணிக் கரையில் வீடு கட்டிக்கொண்டு ஆற்றில் குளிக்காதவர் யார்? அவருடைய எட்டாம் விதியோ, "ஈரத்துண்டோடு காலனிக்குள் வரக்கூடாது" என்றது.

ஒருநாள் காலை அவரே துண்டோடு இடுப்பளவுத் தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நின்றார். அணையில் தண்ணீர் திறந்துவிட்டதில் ஆறு ஏறி, படித்துறையில் வைத்திருந்த வேட்டி சட்டையைக் கொண்டுபோய்விட்டது.

"பைய வீட்டுக்குப் போயிருங்க அண்ணாச்சி, யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"விதி போர்டுல இருக்கையில எப்படிவே வருவேன்?"

"அப்ப உங்க வீட்டுல போயி வேட்டி வாங்கிட்டு வாரேன்."

"அது வந்து சேருத வரைக்கும் வெறைச்சுக்கிட்டு நிக்கவா? போர்டுதாம்வே பக்கம். போயி எட்டாம் நம்பர அழிச்சுட்டு வாரும்."

அழித்தேன். அவர் ஈரத்துண்டோடு, ஒரு விதியையும் மீறாமல், தலை நிமிர்ந்து வாசலைக் கடந்தார்.

மறுநாள் எட்டாம் விதி திரும்பியிருந்தது. அதன் கீழே ஒன்பதாவது: "செயலாளரைத் தவிர யாரும் பலகையைத் தொடக்கூடாது."

படித்துக்கொண்டு நின்ற என் தோளைத் தட்டி, "முத தடவைங்கதால உம்ம மன்னிச்சுட்டேம்வே" என்றார்.

நான் நன்றி சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.