கடல் தூக்கிய வீடு

அப்பா போன மாதம் காலமானார். லிஃப்ட் மெக்கானிக். துக்கம் கேட்க வந்தவர்கள் அவர் பழுது பார்த்த லிஃப்ட்களைப் பற்றியே பேசினார்கள். எனக்கு நினைவில் நிற்பது ஒரு மழைநாள். அன்று அவரால் எதையும் பழுது பார்க்க முடியவில்லை.

வேலைக்காலம் முழுவதும் கட்டடங்களுக்கு உள்ளே இருக்கும் இருட்டுக் குழியில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று கிரீஸ் தடவியவர். கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் தொங்கட்டான். எவ்வளவு உயரத்தில் வேலை செய்தாலும் அங்கே ஜன்னல் கிடையாது. ஓய்வு பெற்றதும், கிடைத்த பணத்தில் ஒரு பழைய நடமாடும் நூலக வேனை வாங்கினார். புத்தக அலமாரிகளைக் கழற்றிக் கட்டில் செய்தார். அடுப்படி, கழிப்பறை எல்லாம் அவர் கையாலேயே. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு அதில் குடியேறினார். வேறு வீடு இல்லை.

கூண்டுக்கு ஒரு எதிர் எடை உண்டு. அது ஏறினால் இது இறங்கும். அந்தக் கணக்கை வேனுக்குள்ளும் கொண்டுவந்தார். தண்ணீர் டேங்க் இடது பக்கம் என்றால் அம்மாவின் தையல் மெஷின் வலது பக்கம். அம்மா ஒரு புதுக் குக்கர் வாங்கினால்கூட அவருடைய டூல்பாக்ஸ் இடம் மாறும்.

விடுமுறையில் அவர்களோடு கடலோரமாகப் போயிருந்தேன். பின்கதவைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதற்காக அப்பா வண்டி நிறுத்துமிடத்தின் தார்த்தரையைத் தாண்டி மணலில் இறக்கி நிறுத்தினார். விடிந்ததிலிருந்து மழை. இடது பின்சக்கரம் மெல்லப் புதைய ஆரம்பித்தது.

"எடை அந்தப் பக்கம் ஜாஸ்தி. குறைச்சா தானா எழும்பும்" என்றார். குனிந்து தண்ணீர் டேங்கைத் திறந்துவிட்டார்.

டேங்கின் வாய் அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே. தண்ணீர் கொட்டி, இருந்த மணலையும் அரித்துக்கொண்டு போனது. நான் கத்தி நிறுத்துவதற்குள் சக்கரம் அச்சு வரை உள்ளே.

அம்மா கதவில் நின்று பார்த்தார். "ஏங்க, மழை பத்தலைன்னு நீங்க வேற ஊத்துறீங்களா?"

வண்டி நிறுத்துமிடத்துக் காவல்காரர் குடையோடு இறங்கி வந்தார். "அண்ணே, மதியம் தண்ணி இந்த மேடு வரைக்கும் ஏறும். இழுவை வண்டிக்குப் போன் பண்ணிட்டேன், ரோடு மூழ்கிக் கிடக்குதாம். நீங்க மூணு பேரும் மேல வந்துருங்க."

"வண்டி?"

காவல்காரர் கடலைப் பார்த்தார். "அதுகிட்டதான் கேக்கணும்."

அப்பா பேட்டரியைத் துண்டித்தார். ஜன்னல்களை இறுக்கி, பின்கதவு இடுக்கில் ரப்பர் பட்டையைத் திணித்தார். கடைசியாக மேலே ஏறி வந்தார். கையில் சாவி மட்டும்.

காவல்காரரின் தகரக் கொட்டகையில் நின்றோம். எதிரே வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். கோடு இல்லை. அந்தச் சாம்பல் முழுவதும் எங்களை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. முதலில் நுரை சக்கரத்தை நக்கியது. பிறகு படிக்கட்டு மறைந்தது. அம்மாவின் கட்டில், மெஷின், துணிமணி, எல்லாம் அங்கே.

அப்போது ஒரு அலை வந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. வேனின் பின்பாகம் எழுந்தது. தூங்கும் குழந்தையைப் படுக்கை மாற்றுவதுபோல அலை அதைத் தூக்கி, கொஞ்சம் திருப்பி, மேட்டுப் பக்கமாக வைத்தது. அடுத்த அலை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தது.

அப்பா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"எவ்ளோ எடை தெரியுமா அது?" என்றார்.

"தெரியாமலா? தினமும் அதே பேச்சுதான."

"கயிறு இல்ல. மோட்டார் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "எதிர் எடை எங்கேம்மா?" என்று கேட்டார்.

நான் பொறியாளர். மிதப்பு விசைக் கணக்கை அங்கேயே மனதில் போட்டுப் பார்த்தேன். விடை சரியாகத்தான் வந்தது. மேகத்துக்குப் பின்னால் எங்கோ, கடலை ஏற்றி இறக்கும் நிலா இருந்தது. கணக்கை விட்டுவிட்டு அதைக் காட்ட விரலை உயர்த்தினேன். அவர் அண்ணாந்து பார்த்தார். மழைதான் முகத்தில் விழுந்தது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தார்.

தண்ணீர் வடிந்ததும் இறங்கினோம். தரை ஊறியிருந்தது. மெத்தை போயிற்று. மெஷின் நகரவில்லை. சக்கரங்கள் நான்கும் கெட்டித் தரையில்.

"டேங்க் காலியா இருந்ததாலதான் மிதந்துச்சு" என்றார் அப்பா.

"ஆமா. கடலுக்கு நீங்கதான் ஒத்தாசை பண்ணீங்க." அம்மா ஈரத் துணிகளைப் பிழிய ஆரம்பித்தார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வழக்கமாக எதையும் ஒருமுறை சுற்றிவந்து தட்டிப் பார்க்காமல் அப்பா ஏற மாட்டார். அன்று பேட்டரியை மட்டும் மாட்டினார். சாவியை என்னிடம் நீட்டினார். அதற்கு முன் யாரிடமும் கொடுத்ததில்லை.

"நீ எடுத்து மேல நிறுத்து. கடல் இறங்குறதைப் பாத்துட்டு வரேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு, பின்வாங்கும் தண்ணீரின் ஓரத்தில் போய் நின்றார். அம்மா ஒரு துண்டைக் கொண்டுபோய் அவர் தலையில் போட்டார். பிறகு அவரும் அங்கேயே நின்றுவிட்டார்.

என்ஜின் இருமி இருமிக் கிளம்பியது. தார்த்தரையில் ஏற்றி நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தேன். அப்பா திரும்பவில்லை.