துரை கேட்ட ஆண்டறிக்கை

நிதித்துறைத் தலைவிக்குக் கை நிறையச் சம்பளம், கண்ணாடிச் சுவர் வைத்த தனி அறை, ஓட்டுநரோடு கார். காரின் பின் இருக்கையைப் பார்த்தால் மட்டும் இதையெல்லாம் யாரும் நம்பமாட்டார்கள். நாய்முடி ஒட்டாத இடம் கிடையாது. கறுப்புச் சட்டை போட்டால் வெள்ளை முடி, வெள்ளைச் சட்டை போட்டால் கறுப்பு முடி என்று அலங்காரமாகத்தான் அவள் கூட்டங்களுக்குப் போவாள்.

ஒன்று வேலையைப் பார், இல்லை நாயைப் பார், இரண்டையும் கட்டிக்கொண்டு மாரடிக்காதே என்று அண்ணன் போனில் ஓயாமல் பாடுவான். அவள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவாள். எண்கள் என்றால் அவளுக்கு உயிர். நாய்கள் என்றால் அதைவிட ஒரு படி மேல். எதை விடுவதாம்?

அலுவலகம் போகும் வழியில் தினமும் விலங்குக் காப்பகத்தில் இறங்கிக்கொள்வாள். மனிதர்களிடம் அடிபட்டு வந்த நாய்களைப் பழக்குவது அவள் பொறுப்பு. அதற்கு அவளிடம் இருந்தது ஒரே வித்தை. கூண்டுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, கையிலிருக்கும் அலுவலக அறிக்கையை ஏற்ற இறக்கமில்லாமல் வாய்விட்டுப் படிப்பாள். கொஞ்சுவதும் இல்லை, கூப்பிடுவதும் இல்லை. அடித்தவர்களும் முதலில் கொஞ்சித்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்பது அவள் கட்சி. தேய்மானக் கணக்கைக் கேட்டு எந்த நாயும் மிரண்டதில்லை. கூட்டத்துக்கு ஒத்திகை பார்த்த மாதிரியும் ஆயிற்று.

துரையிடம் மட்டும் அந்த வித்தை இன்னும் முழுதாகப் பலிக்கவில்லை. யாருக்கும் முகம் கொடுக்காமல் மூலைச் சுவரைப் பார்த்தே படுத்திருக்கும் செவலை நாய் அது; அவள் படிக்கும்போது மட்டும் ஒரு காது அவள் பக்கம் திரும்பும். அந்தப் பந்தாவுக்காகவே காப்பகக்காரர் துரை என்று பெயர் வைத்தார். பின்னங்காலில் புண், நாளுக்கு நாள் நாற்றம் கூடிக்கொண்டே வந்தது. இன்று பார்த்தே ஆகவேண்டும், தானாக வராவிட்டால் வலை போட்டுப் பிடிப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருவிலும் அதை வலை போட்டுத்தான் பிடித்தார்கள். இன்னொரு வலை விழுந்தால் கால் பிழைத்துவிடும், ஆனால் அந்த நாய் இனி ஜென்மத்துக்கும் ஒரு மனிதனை நம்பாது.

டாக்டர் வரும் அதே நேரத்தில் இயக்குநர்கள் கூட்டம். ஆண்டறிக்கையைப் படிக்க வேண்டியவள் அவள்தான். மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்தாள். காப்பகத்துக்குப் போன் போட்டு, அதைத் துண்டிக்காமல் மேசைமேல் வைத்துக்கொண்டே கூட்டத்தில் படிப்பது. அந்தப் பக்கம் காப்பகக்காரர் தன் போனைக் கூண்டுக்குள் வைத்துவிடுவது. ஏற்கெனவே வெளியிட்ட அறிக்கைதான், ஒளிக்க ஒன்றுமில்லை. அவசரத்தில் தன் போனிலும் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டது மட்டும் அவளுக்குத் தெரியாது.

நீள மேசையின் முனையில் நிர்வாக இயக்குநர் உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பெரிய தலை. அவர் சிரித்துப் பார்த்தவர்கள் இல்லை. தேய்மானப் பக்கத்துக்கு வந்தபோது ஏதோ கேட்பதற்காகக் கையை உயர்த்தினார். அவள் நிறுத்தினாள். மேசைமேல் இருந்த அவள் போனிலிருந்து காப்பகக்காரரின் குரல் கிசுகிசுத்தது.

"அக்கா, நிறுத்தாதீங்க. துரை எழுந்துட்டாரு. போன்கிட்ட வந்துட்டிருக்காரு."

எந்தத் துரை என்று கேட்டார் பெரிய தலை. இனி மூடி மறைத்துப் பயனில்லை. நாய், புண், வலை எல்லாவற்றையும் படபடவென்று கொட்டினாள். சந்தோஷத்தில் குரல் எங்கேயோ ஏறிக்கொண்டு போயிற்று.

"இப்படி வேணாம்கா. மிரள்றாரு, பின்னால போறாரு. எப்பவும் படிக்கிற மாதிரி படிங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய தலை கேட்க வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு, "தேய்மானத்துலேர்ந்து படிங்க" என்றார். அதையும் மெதுவாக, ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னார்.

படித்தாள். நெஞ்சு திக்திக் என்று அடித்துக்கொள்ள, குரலை மட்டும் தட்டையாகப் பிடித்துக்கொண்டு இயந்திரங்களின் தேய்மானம், கட்டடங்களின் தேய்மானம் என்று வரிவரியாகப் படித்தாள். இயக்குநர்கள் காகிதம் சலசலக்காமல் பக்கம் திருப்பினார்கள். தும்மல் வந்த ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். இத்தனை கவனமாக அந்த அறையில் எந்த அறிக்கையையும் யாரும் கேட்டதில்லை.

"போன் மேல மூக்கை வச்சுப் படுத்துட்டாரு அக்கா. டாக்டர் காலைத் தொட்டுட்டாரு. வலையை வெளிய எடுத்துட்டுப் போயிட்டாங்க."

துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு. குதிக்க முடியாது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கவும் கையில்லை, அறிக்கையைப் பிடித்திருந்தாள். வரவேண்டிய பாக்கிகளைப் படித்தாள், ஒதுக்கீடுகளைப் படித்தாள், தணிக்கையாளர் குறிப்பையும் படித்தாள். கடைசிப் பக்கமும் முடிந்துவிட்டது.

இன்னும் கட்டுப் போட்டு முடியவில்லை என்றது போன்.

பெரிய தலை தன் முன்னால் இருந்த போன வருட அறிக்கையைச் சத்தமில்லாமல் அவள் பக்கம் நகர்த்தினார்.